தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் கூலன்ட் கசிகிறது: பேக்கிங் மட்டும் மாற்றினால் போதுமா?

திருப்பூர் வாசி:

வணக்கம் நண்பர்களே. வண்டி 2013 மாடல் சின்ன கார், 1.2 லிட்டர் பெட்ரோல், 94,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கொஞ்ச நாளாக ரிசர்வ் டேங்கில் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. மேல் கோடு வரை நிரப்பி வைத்தால் ஒரு வாரத்துக்குள் கீழ்க் கோட்டுக்கு இறங்கிவிடுகிறது. போனட்டைத் திறந்து பார்த்ததில், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினில் போய்ச் சேரும் இடத்தில், அந்த அலுமினிய ஹவுசிங்குக்கு (தெர்மோஸ்டாட் என்கிற சூட்டு வால்வு உட்கார்ந்திருக்கும் கூடு) கீழே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்த மாதிரி காய்ந்து கிடக்கிறது. ஓடும்போது ஈரம் தெரிவதில்லை, வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு மூன்று சொட்டு நிற்கிறது. வெப்பமானி முள் இதுவரை நடுக்கோட்டைத் தாண்டியதில்லை.

விசாரித்த இடத்தில் எல்லாம் ஒவ்வொரு மாதிரி சொல்கிறார்கள். ஒரு பட்டறையில், "தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டுவிடலாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு" என்றார்கள். இன்னொருவர் மஞ்சள் தூள் போட்டால் நின்றுவிடும் என்கிறார். மூன்றாவது ஆள் வாட்டர் பம்ப் உட்பட எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார். என்னிடம் ஸ்பானர் செட், ஸ்குரூ டிரைவர், ஜாக் எல்லாம் இருக்கிறது, ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை நானே செய்திருக்கிறேன். இதையும் வீட்டிலேயே செய்யலாமா? பேக்கிங் மட்டும் வாங்கினால் போதுமா, சிலிகான் போட வேண்டுமா? அடுத்த வாரம் குடும்பத்தோடு கும்பகோணம் போக வேண்டியிருக்கிறது. அதற்குள் முடிந்தால் நல்லது.

இன்னொரு விஷயம், முன்னால் வைத்திருந்தவர் போர் தண்ணீர்தான் ஊற்றி ஓட்டினாராம். வாங்கிய பிறகு நான்தான் பச்சை கூலன்ட் ஊற்றினேன்.

ஈரோடு ஸ்பானர்:

தாராளமாக வீட்டிலேயே செய்யலாம். பிரேக் பேட் மாற்றத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கசிவு ஹவுசிங்கிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். உப்புப் பூத்திருக்கும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, கூலன்ட் எங்கிருந்தோ வழிந்து வந்து அங்கே காய்ந்திருக்கலாம். அந்த ஹவுசிங்கைச் சுற்றி மட்டுமே நான்கு சந்தேகம் உண்டு: இன்ஜினோடு சேரும் பேக்கிங் முகம், ஹோஸ் மாட்டும் கழுத்து, அங்கே டெம்பரேச்சர் சென்சார் இருந்தால் அதன் வாஷர், அப்புறம் ஹவுசிங்கிலேயே விழுந்த விரிசல். நான்குக்கும் வைத்தியம் வேறு.

காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது பழைய டூத் பிரஷ், தண்ணீர் வைத்து அந்த இடம் முழுவதையும் தேய்த்துச் சுத்தம் செய்து, துணியால் துடைத்துக் காய விடுங்கள். அப்புறம் டால்கம் பவுடரைச் சுற்றிலும் மெல்லியதாகத் தூவிவிட்டு, ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டு, அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரம் பட்ட தடம் தெளிவாகத் தெரியும். ஈரம் தெரியும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் மூலம், கீழே உள்ளதெல்லாம் வழிந்தது.

ஓடும்போது தெரியாமல் நிறுத்தின பிறகு சொட்டுகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் வாட்டர் பம்ப் நின்றுவிடும், ஆனால் இரும்பில் ஏறிய சூடு உடனே போகாது. ஓட்டமில்லாமல் நிற்கும் கூலன்ட் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சூடாகும், அழுத்தமும் ஏறும். அந்த நேரத்தில்தான் லேசான கசிவு வெளியே வரும். ஓடும்போது வந்தாலும் காற்றும் சூடும் அதை உடனே காய வைத்துவிடும், உப்பு மட்டும் மிஞ்சும்.

தெரிந்த பட்டறையில் ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டர் இருந்தால் அதைவிடச் சுலபம். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரைக்கும் பம்ப் அடித்தால் போதும், பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் அடிக்கக் கூடாது, நல்ல ஹோஸையும் கெடுத்துவிடும். முள் இறங்கினால் எங்கேயோ ஓட்டை என்று அர்த்தம். வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் முள் இறங்கினால் அது வேறு கதை, ஹெட் கேஸ்கட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள பேக்கிங்) சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த மாதிரி இருக்கிறதா, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் விவரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

கசிவு ஹவுசிங் முகத்தில்தான் என்று உறுதியானால், செய்ய வேண்டியது இது.

வண்டியை ஒரு ராத்திரி முழுக்க ஆற விடுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பிரஷர் குக்கரை வெயிட் இறங்காமல் திறப்பது மாதிரிதான், உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் அழுத்தத்தால் கொதிக்காமல் நிற்கிறது, திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டுங்கள், சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் தானாக ஓடும், விரல் உள்ளே இருக்கும்போது அது ஓடக் கூடாது. மூடியைத் திறந்து, கீழே அகலமான ட்ரே வைத்து, ரேடியேட்டரின் வடிகால் திருகைத் திறந்து கூலன்டை இறக்குங்கள். முழுதும் இறக்க வேண்டியதில்லை, ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே போனால் போதும், ஆனால் உங்கள் வண்டியில் போர் தண்ணீர் ஓடியிருப்பதால் முழுசாக இறக்கிவிடுவதே நல்லது. ஆல்டர்னேட்டரும் பெல்ட்டும் அடியில் இருந்தால் பாலிதீன் கவர் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

ஹோஸ் கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, ஹோஸைக் கையால் இடதும் வலதுமாகத் திருப்பினால் விட்டுவிடும். ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பாதீர்கள், அலுமினியக் கழுத்தில் கீறல் விழுந்தால் அதன் வழியாகவே அடுத்த கசிவு வரும். பிறகு ஹவுசிங் போல்ட்டுகள், பெரும்பாலும் 10 ஸ்பானர் பிடிக்கும் 6 மி.மீ. போல்ட். ஒன்றை முழுதும் கழட்டாமல் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹவுசிங் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரக்கட்டை அல்லது ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் போதும்.

உள்ளே தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு எடுங்கள். ஸ்பிரிங்கும் மெழுகுக் குப்பியும் உள்ள பக்கம் இன்ஜினைப் பார்த்திருக்கும். தகட்டில் ஆடுகிற மாதிரி ஒரு சின்ன ஊசி இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

இப்போதுதான் முக்கியமான இடம் வருகிறது. ஹவுசிங்கின் முகத்தை நன்றாகப் பாருங்கள். பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டிவிட்டு, துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அலுமினியம் அரித்த குழிகள் தெரியும். கூலன்ட் இல்லாமல் வெறும் போர் தண்ணீரில் ஓடின வண்டிகளில் இது ரொம்ப சகஜம். அந்தத் தண்ணீரில் இருக்கும் உப்பு அலுமினியத்தை அரிக்கும், துருவைத் தடுக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது. குழி சின்னதாக, முகத்தின் ஓரத்தில் மட்டும் இருந்தால் பேக்கிங் போதும். உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை அரிப்பு ஓடியிருந்தால் எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது, ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். பலர் இதைப் பார்க்காமல் பேக்கிங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி கசிகிறது என்று வந்து நிற்கிறார்கள்.

முகம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு தடிமனான கண்ணாடித் துண்டின் மேல் 220 நம்பர் வாட்டர் எமரி பேப்பரை விரித்து, தண்ணீர் தெளித்து, ஹவுசிங்கை முகம் கீழே வைத்து எட்டு போடுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். எல்லா இடமும் ஒரே மாதிரி பளபளப்பு ஏறினால் சமமாக இருக்கிறது. நடுவில் கறுப்பாக விட்டுப்போனால் அங்கே பள்ளம். லேசான பள்ளம் என்றால் தேய்த்தே சரி செய்துவிடலாம். ஆனால் இன்ஜின் பக்க முகத்தில் எமரி, கிரைண்டர் எதையும் ஓட்டாதீர்கள், துகள் உள்ளே போனால் வாட்டர் பம்ப் சீலுக்குக் கேடு. அந்தத் துளையில் ஒரு துணியை அடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் மட்டும் சுத்தம் செய்யுங்கள், கடைசியில் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

சிலிகான் பற்றிக் கேட்டீர்கள். தெர்மோஸ்டாட் விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் வருகிற மாடல் என்றால் சிலிகான் தேவையே இல்லை, போட்டால் ரப்பர் வழுக்கி நகர்ந்துவிடும். பேப்பர் பேக்கிங் என்றால் வெறுமனே போட்டாலே போதும், அல்லது இரண்டு பக்கமும் கைநுனியால் தடவின மாதிரி மெல்லியதாக. நம் ஊர்க் கடைகளில் அனபாண்ட் என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். பற்பசை மாதிரி கொட்டினால் உள்பக்கம் பிதுங்கி நிற்கும், அது பிய்ந்து ரேடியேட்டர் குழாயில் போய் அடைக்கும். சிலிகான் போட்டால் 24 மணி நேரம் கூலன்ட் ஊற்றாமல் வையுங்கள். எம்சீல் வைத்து வெளியே பூசுவது வேண்டாம், அழுத்தமும் சூடும் மாறி மாறி வருகிற இடத்தில் அது நிலைக்காது.

போல்ட்டை முறுக்கும்போது கை கட்டுப்பாட்டில் இருக்கட்டும். அலுமினியத்தில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், நீளமான ஸ்பானர் போட்டு உன்னினால் மரை போய்விடும். மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் ஹவுசிங்கின் காது உடைந்துவிடும்.

நாமக்கல் டீசல்:

மேலே ஈரோட்டுத் தம்பி சொன்னது எல்லாம் சரி. நான் லாரி இன்ஜின் வேலையிலேயே வயதைக் கழித்தவன், தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுகிற பழக்கத்தைப் பற்றி மட்டும் நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதனால் கெட்டுப்போன இன்ஜின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. அதன் வேலை இன்ஜினைக் குளிர வைப்பது இல்லை, சரியான சூட்டில் வைத்திருப்பது. உள்ளே இருக்கும் மெழுகு 82 அல்லது 88 டிகிரி வாக்கில் உருகி விரிந்து வால்வைத் திறக்கும், எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும். அதைக் கழட்டிவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும், நெடுஞ்சாலையில் காற்றடிக்கும்போது மறுபடி ஆறிவிடும். சூடு குறைந்தால் வண்டியின் கம்ப்யூட்டர், இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று நினைத்து பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும், மைலேஜ் போகும், அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவிவிடும், ஆயிலில் கசடு சேரும், தேய்மானம் கூடும். புது வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0128 என்ற கோடு வரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பக்கத்தில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும்போது, இந்தத் தட்டு இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். முழு தெர்மோஸ்டாட்டையும் எடுத்துவிட்டால் பைபாஸ் வழி எப்போதும் திறந்தே கிடக்கும், கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். அப்படிப்பட்ட இன்ஜினில் தெர்மோஸ்டாட்டைக் கழட்டினால் மேட்டில் ஏறும்போது ஓவர்ஹீட்தான் ஆகும். குளிர வைக்கக் கழட்டியது கொதிக்க வைக்கும்.

மஞ்சள் தூளைப் பற்றி. ராத்திரி நேரத்தில் ஆள் இல்லாத சாலையில், ரேடியேட்டர் குழாயில் ஊசித்துளை விழுந்து, அடுத்த ஊர் வரைக்கும் வண்டியைக் கொண்டு போக வேறு வழியே இல்லை என்றால் அந்தக் காலத்து டிரைவர்கள் போடுவார்கள், அது துளையில் போய்ச் சேர்ந்து அடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது, மெல்லிய குழாய்களையும் சேர்த்துத்தான் அடைக்கும். பாட்டிலில் விற்கிற லீக் அடைக்கும் மருந்துகளும் பெரும்பாலும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பேக்கிங் முகத்தில் கசிவு என்று தெரிந்த பிறகு அதைப் போடுவதற்கு நியாயமே இல்லை. கழட்டினால் தீருகிற விஷயம் அது.

ஹவுசிங் கழட்டின கையோடு தெர்மோஸ்டாட்டையும் சோதித்துப் பாருங்கள். சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியில் தொடாமல் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் போட்டுச் சூடாக்குங்கள். பொறித்திருக்கும் டிகிரிக்கு ஒன்றிரண்டு முன்பின்னாகத் திறக்கத் தொடங்கி, கொதிக்கும் தண்ணீரில் முழுக்கத் திறக்க வேண்டும், 8 மி.மீ. வாக்கில் நகர்ந்தால் நல்லது. ஆறின பிறகு வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் இடைவெளி தெரியக் கூடாது. அவ்வளவு தூரம் கழட்டின பிறகு புதிதாகவே ஒன்று போடுவது இன்னும் நல்லது, ஆனால் நல்ல கடையில் ஒரிஜினல் வாங்குங்கள். டூப்ளிகேட் தெர்மோஸ்டாட் மூடினபடியே நின்றுவிட்டால் ஹெட்டே வளைந்துவிடும்.

காரைக்குடி ராஜாத்தி:

இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு சந்தேகம். பச்சைக்கு பச்சை, சிவப்புக்கு சிவப்பு என்று நிறம் பார்த்துத்தான் கூலன்ட் ஊற்ற வேண்டுமா? கடையில் அப்படித்தான் சொல்கிறார்கள். கலப்பதற்கு பெட்ரோல் பங்க்கில் விற்கிற பேட்டரி தண்ணீர் போதுமா?

ஈரோடு ஸ்பானர்:

நிறத்தை நம்பாதீர்கள் அக்கா. நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே துருவைத் தடுக்க என்ன வகை மருந்து சேர்த்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும், டப்பாவிலும் எழுதியிருக்கும், இரண்டும் பொருந்தினால் நிறம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. வகை வேறாக இருப்பதைக் கலந்தால் மருந்து வீரியம் இழந்து சீக்கிரம் தீரும், சில கலவைகளில் கூழ் மாதிரி திரியவும் செய்யும். பழையது என்ன என்று தெரியாவிட்டால் முழுக்க இறக்கி, கழுவி, புதிதாக ஊற்றுவதுதான் சரி.

பேட்டரி தண்ணீர் தாது நீக்கியது, அது போதும். ஆனால் லேபிளைப் பாருங்கள், பேட்டரி ஆசிட் டப்பாவும் அதே அலமாரியில் இருக்கும். டப்பாவில் ரெடி டு யூஸ் என்று போட்டிருந்தால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி கலந்த கலவை சாதாரண அழுத்தத்தில் சுமார் 107 டிகிரியில்தான் கொதிக்கும், 1.1 பார் மூடி சரியாக வேலை செய்தால் 125 டிகிரிக்கு மேலே போகும். நம் ஊரில் உறைவதைப் பற்றிக் கவலை இல்லை, கொதிநிலையும் துருத் தடுப்பும்தான் நமக்கு வேண்டியது. அதற்காக முழுக்க முழுக்க கான்சன்ட்ரேட்டையே ஊற்றிவிடக் கூடாது, தண்ணீர் அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது.

கோத்தகிரி மலர்:

எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், அதனால் எங்களுக்கு உறையாமல் காப்பதும் சேர்த்தே வேண்டும். நான் எழுத வந்தது வேறு. கூலன்ட் இறக்கும்போது ட்ரேயைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். எங்கள் தெருவில் ஒரு நாய் அப்படித்தான் போனது. குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி, தள்ளாட்டம் வரும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், நேரம் போனால் காப்பாற்ற முடியாது. குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். தரையில் சிந்தினதை மணலோ மரத்தூளோ போட்டு ஒற்றி எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழையதைக் கேனில் அடைத்து, பெயர் எழுதி, பழைய ஆயில் சேர்த்து வைக்கிற பட்டறையில் கேட்டுக் கொடுங்கள், சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள்.

திருப்பூர் வாசி:

எல்லோருக்கும் நன்றி. பவுடர் தூவிப் பார்த்துவிட்டேன், தடம் பேக்கிங் முகத்தின் இடது கீழ் மூலையிலிருந்துதான் தொடங்குகிறது. ஹோஸ் கழுத்தும் சென்சாரும் காய்ந்தே இருக்கின்றன. இன்று காலை கூலன்ட் இறக்கினேன், துருநிறத்தில் வந்தது. ஒரு போல்ட் சுலபமாக வந்துவிட்டது. கீழ் போல்ட்தான் பிரச்சினை, ஸ்பானர் போட்டால் கொஞ்சம் திரும்புகிறது, ஆனால் தளர்ந்து வருகிற மாதிரி இல்லை, ரப்பர் முறுக்குகிற மாதிரி ஒரு உணர்வு. பயந்து நிறுத்திவிட்டேன். என்ன செய்யலாம்?

நாமக்கல் டீசல்:

நிறுத்தினது ரொம்ப நல்ல காரியம். அந்த உணர்வு வந்தால் போல்ட் உடையப் போகிறது என்று அர்த்தம். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் சேர்ந்த இடத்தில் கூலன்ட் கசிந்து போய் இரண்டையும் உப்பு பிடித்துக் கட்டியிருக்கிறது.

துரு இளக்கும் ஸ்பிரேயை போல்ட் தலைக்கு அடியில் அடித்து ஊற விடுங்கள், அவசரம் இல்லை, ராத்திரி முழுக்க ஊறினால் நல்லது. நடுநடுவே மறுபடி அடியுங்கள். சின்னச் சுத்தியால் போல்ட் தலையின் மேல் நேராக, டொக் டொக் என்று தட்டுங்கள், ஓங்கி அடிக்க வேண்டாம், அந்த அதிர்ச்சியில் உப்பு விடும். பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் தளர்த்தும் பக்கம் கொஞ்சம், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே, இப்படியே முன்னும் பின்னுமாக. திறந்த ஸ்பானர் வேண்டாம், ஆறு முனை பிடிக்கிற சாக்கெட் போடுங்கள், தலை உருண்டுவிட்டால் வேலை இரட்டிப்பாகும். ஹாட் ஏர் கன் இருந்தால் அலுமினியத்தைச் சுற்றிச் சூடு காட்டுங்கள், இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். ஸ்பிரே அடித்த ஈரத்தின் மேல் நெருப்பு காட்டாதீர்கள், ஸ்பிரேயைத் துடைத்துவிட்டு ஹாட் ஏர் கன் மட்டும்.

அப்படியும் உடைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஹவுசிங்கை எடுத்த பிறகு போல்ட்டின் மிச்சம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பலாம். வெளியே ஒன்றுமே இல்லை என்றால் அதற்கு மேல் கை டிரில்லை வைத்து நீங்களே முயற்சிக்காதீர்கள், டிரில் பிட் இரும்பை விட்டுவிட்டு மென்மையான அலுமினியத்துக்குள் சறுக்கிவிடும். நல்ல லேத் பட்டறை ஆளைக் கூப்பிட்டால் நடுவில் துளை போட்டு எடுத்துவிட்டு, மரை போயிருந்தால் சுருள் மரை வைத்துத் தருவார், அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

திருப்பூர் வாசி:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி ஊற விட்டு, முன்னும் பின்னுமாகத் திருப்பினதில் போல்ட் முழுசாக வந்துவிட்டது. ஹவுசிங் முகத்தைச் சுத்தம் செய்து பார்த்தால், ஈரோடு ஸ்பானர் சொன்ன மாதிரியே இடது கீழ் மூலையில் உள்ளிருந்து வெளி வரைக்கும் அரித்துக் குழி ஓடியிருக்கிறது, எமரியில் தேய்த்தும் போகவில்லை. இன்ஜின் பக்க முகம் நன்றாக இருக்கிறது. அதனால் ஹவுசிங், பேப்பர் பேக்கிங், தெர்மோஸ்டாட், இரண்டு போல்ட் எல்லாமே புதிதாக வாங்கிவிட்டேன். பழைய தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் போட்டும் பார்த்தேன், தண்ணீர் கொதித்த பிறகும் பாதிதான் திறந்தது. பேக்கிங் வெறுமனே போட்டு மாட்டிவிட்டேன், சிலிகான் போடவில்லை. இப்போது கூலன்ட் ஊற்றுவதில் கவனிக்க வேண்டியது என்ன? காற்று பிடிக்கும் என்கிறார்களே.

ஈரோடு ஸ்பானர்:

பழைய தெர்மோஸ்டாட் பாதிதான் திறந்தது என்றால் கும்பகோணம் போகிற வழியில், உச்சி வெயிலில், ஏசி போட்டு ஓட்டும்போது முள் ஏறியிருக்கலாம். இப்போதே தெரிந்தது நல்லது.

துருநிறத்தில் வந்தது என்றீர்களே, முதலில் வெறும் பேட்டரி தண்ணீர் ஊற்றி, ஃபேன் ஓடும்வரை விட்டு, ஆறவிட்டு இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்துவிட்டு அப்புறம் கூலன்ட் ஊற்றுங்கள். கழுவின தண்ணீர் கொஞ்சம் இன்ஜின் பிளாக்கில் தங்கிவிடும், அதனால் கான்சன்ட்ரேட் வாங்கி, வண்டியின் மொத்தக் கொள்ளளவில் பாதியை முதலில் ஊற்றிவிட்டு மிச்சத்துக்குத் தண்ணீர் சேர்த்தால் கலவை சரியாக வரும். மொத்தக் கொள்ளளவு கையேட்டில் இருக்கும்.

ஊற்றும்போது மெதுவாக ஊற்றுங்கள், இடையிடையே மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழி வரும். முன்பக்கம் கொஞ்சம் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தினால் காற்று மூடி இருக்கும் பக்கம் வந்துவிடும். காற்று வெளியேற்றும் திருகு எங்காவது இருந்தால் அதைத் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வையுங்கள், அந்தக் குழாயிலும் காற்று நிற்கும். மூடி திறந்தபடி ஐடிலில் விடுங்கள். முதலில் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டென்று சூடேறும், மட்டம் இறங்கும், ஊற்றி நிரப்புங்கள். கூலன்ட் பொங்கி மேலே ஏறத் தொடங்கினால் மூடியைப் போட்டுவிடுங்கள். ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று முள்ளைப் பாருங்கள். முகத்தை மூடிக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள்.

அந்த மூடியின் ரப்பரையும் ஒரு தடவை பாருங்கள். வெடித்தோ தட்டையாகவோ இருந்தால் புதிது போடுங்கள், வேறு அழுத்த மூடி வேண்டாம், அதே எண் போட்டது.

திருப்பூர் வாசி:

எல்லாம் முடித்துவிட்டேன், ஃபேன் ஓடி நின்றது, முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது, ஹவுசிங்கைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்து ஒற்றிப் பார்த்தேன், காய்ந்தே இருக்கிறது. பல்லடம் வரை ஒரு ஓட்டம் போய்விட்டு வந்து, ஆறின பிறகு பார்த்தால் ரிசர்வ் டேங்கில் மட்டம் ஒரு விரல் அளவு குறைந்திருக்கிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை. பயப்பட வேண்டுமா?

ஈரோடு ஸ்பானர்:

வேண்டாம். உள்ளே எங்கோ சிக்கியிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்துக்கு ரிசர்வ் டேங்கிலிருந்து கூலன்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. புதிதாக நிரப்பின வண்டியில் முதல் ஒன்றிரண்டு ஓட்டத்தில் இது நடக்கும். காலையில் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை இருக்கிறதா பாருங்கள், ரிசர்வ் டேங்கில் மேல் கோடு வரை நிரப்புங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகும் அதே அளவு குறைந்தால் இங்கே எழுதுங்கள், பிரஷர் டெஸ்ட் செய்து பார்ப்போம். கும்பகோணம் போகும்போது அதே கலவையில் ஒரு லிட்டர் டிக்கியில் இருக்கட்டும், போய்ச் சேர்ந்ததும் வண்டி நன்றாக ஆறின பிறகு ஒரு தடவை மட்டம் பாருங்கள்.